கேள்விக்குறியா மாறுன தமிழுக்கு ஃபாண்ட் கிடையாதுங்க

தமிழ்ல அடிச்சு சேவ் பண்ண ஃபைலு பூரா கேள்விக்குறியா மாறிப்போச்சுன்னு இந்த மாசத்துல இது நாலாவது கேஸு. அதான் கடைய அடைச்சுட்டு வந்து, ராத்திரி சாப்பிடாமக்கூட உக்காந்து இத டைப் பண்ணிட்டு இருக்கேன்.

மதுரை சிம்மக்கல் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குறேன். போன வாரம் மேலூர்ல இருந்து ரிட்டயர்டான தமிழ் வாத்தியார் ஒருத்தர் பென்டிரைவோட வந்தாரு. குலசாமி கோயில் வரலாறு, பங்காளி வகையறா, யாரு எந்த ஊர்ல இருந்து வந்து குடியேறுனாங்கங்குறதுன்னு அம்புட்டையும் ஏழெட்டு மாசமா வாட்ஸப்புல அடிச்சு தனக்குத்தானே அனுப்பி வச்சிருக்காரு. போன் நெறஞ்சுபோச்சுன்னு ஒரு ஜெராக்ஸ் கடையில, பழைய விண்டோஸ் 7 சிஸ்டத்துல, நோட்பேட்ல பூராத்தையும் பேஸ்ட் பண்ணி சேவ் பண்ணிருக்காங்க. சேவ் பண்ணும்போது ஒரு எச்சரிக்கை வந்திருக்கு, அங்க இருந்த பையன் படிக்காம ஓகே அமுக்கிட்டான். ஐயா வீட்டுக்கு வந்து போன்ல இருந்ததையும் அழிச்சுட்டாரு. மூணு வாரம் கழிச்சுத் திறந்து பாத்தா பக்கம் பக்கமா கேள்விக்குறி, நடுநடுவுல 1962, 1974ன்னு வருஷம் மட்டும் அப்படியே நிக்குது.

"தம்பி, உங்ககிட்ட நல்ல தமிழ் ஃபாண்ட் இருக்குமாமே, போட்டுக் குடுங்க"ன்னாரு.

இந்த "ஃபாண்ட் போட்டா வந்துரும்"ங்குறத எவன் கிளப்பிவிட்டான்னே தெரியல. ஃபாண்டுங்குறது சட்டை மாதிரிங்க. உள்ள ஆள் இருந்தாத்தான சட்டை மாட்ட முடியும்? எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி நம்பர் குடுக்கிற முறைக்கு யூனிகோடுன்னு பேரு, அதுல 'க'வுக்கு 2965ன்னு ஒரு நம்பர் இருக்கு. பழைய நோட்பேட் நாம மாத்தலைன்னா ஆன்ஸிங்குற பழைய முறையிலதான் சேவ் பண்ணும், அதுல மொத்தமே 256 இடந்தான், தமிழ் கிடையாது. தெரியாத எழுத்துக்கெல்லாம் 63ன்னு எழுதி வச்சுரும், 63ன்னா கேள்விக்குறி. 'க'வும் 63, 'ம'வும் 63. 'தமிழ்'னு அடிச்சிருந்தா வரிசையா அஞ்சு 63. அதுல எது 'த', எது 'ழ'ன்னு நீங்க ஆயிரம் ஃபாண்ட் போட்டாலும் எப்படிங்க தெரியும்? கேள்விக்குறி வந்துருச்சுன்னா அந்த ஃபைல் போச்சு, அவ்வளவுதான். காசு வாங்கிட்டு எடுத்துத் தாரேன்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீங்க.

ஆனா வேற மாதிரி குப்பையா தெரிஞ்சா பதறவேண்டாம். தலையில சாஞ்ச கோடு வச்ச இங்கிலீஷ் 'ஏ', பக்கத்துலயே வட்டத்துக்குள்ள 'ஆர்', இப்படியே திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா உங்க தமிழ் உள்ள பத்திரமா இருக்கு, திறந்த சாஃப்ட்வேர்தான் தப்பா படிக்குது. நோட்பேட் பிளஸ் பிளஸ்ங்குற சாஃப்ட்வேர்ல திறந்து, என்கோடிங் (எழுத்த எந்த முறையில நம்பரா வைக்கிறதுங்குறது) மெனுவுல யூடிஎஃப்-8 குடுங்க, அது யூனிகோட் எழுத்த அப்படியே வைக்கிற முறை, வந்துரும். அங்க 'கன்வெர்ட்'னு ஆரம்பிக்கிற வரியத் தொட்டுறாதீங்க, அது வேற வேலை. வெறும் கட்டம் கட்டமா தெரியுதா, அதுக்கு மட்டுந்தான் ஃபாண்ட் பாக்கணும். பாமினிங்குற பழைய தமிழ் ஃபாண்ட்ல, அச்சுக்குன்னு அடிச்ச டிடிபி ஃபைலு இன்னொரு ரகம். அதுல 'அம்மா'ங்குறது எம், கே, செமிகோலன், கே, ஹெச்சுன்னு கிடக்கும், கன்வெர்ட்டர்ல போட்டா யூனிகோடா வந்துரும். அது எங்க பிரஸ்காரங்க பாடு, விடுங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு, "நோட்பேடே தமிழுக்கு ஆகாதுண்ணே, வேர்ட்ல அடிங்க"ன்னு சொல்றவங்க. நோட்பேட் என்ன பாவம் பண்ணுச்சு! 2019 மே மாசம் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டுல இருந்து அது தானாவே யூடிஎஃப்-8லதான் சேவ் பண்ணுது, கீழ ஓரத்துல எழுதியும் காட்டுது. பழைய சிஸ்டம்னா சேவ் ஆஸ் போய் என்கோடிங்குங்குற எடத்துல நீங்களே மாத்தணும். எழுத்து அழிஞ்சுரும்னு அது எச்சரிக்கை குடுத்தா தயவுசெஞ்சு கேன்சல் அமுக்குங்க, ஓகே அமுக்கிட்டு எங்கிட்ட ஓடி வராதீங்க. சிஎஸ்வி ஃபைல (கமா போட்டுப் பிரிச்ச பட்டியல்) டபுள் கிளிக் பண்ணி எக்ஸெல்ல திறந்து தமிழ் குப்பையா வந்தா சேவ் பண்ணாம மூடுங்க, டேட்டா மெனு வழியா உள்ள கொண்டுவந்து 65001ன்னு இருக்கிறத எடுங்க, அதுதான் யூடிஎஃப்-8.

முக்கியமா, சேவ் பண்ண உடனே திரையில தமிழ் தெரியுதேன்னு நம்பி எந்திரிச்சு வந்துறாதீங்க. மூடுற வரைக்கும் அது அழகாத்தான் தெரியும். ஃபைல மூடி, மறுபடி திறந்து பாத்துட்டு, அப்புறம் மூலத்த அழிங்க.

வாத்தியார் போன்ல வாட்ஸப் பேக்கப் பாத்தேன், அது கடைசி ஏழு நாள் வரைக்கும்தான் வச்சிருக்கும், நாள் தாண்டிருச்சு. "யாருக்காச்சும் ஃபார்வர்டு பண்ணீங்களா ஐயா"ன்னு கேட்டதும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, உசிலம்பட்டியில இருக்கிற தங்கச்சிக்குக் கொஞ்சம் அனுப்புனேன்னாரு. அந்தம்மா பேரனக் கூட்டிக்கிட்டு மறுநாள் வெள்ளனாவே வந்துட்டாங்க, ஒண்ணக்கூட அழிக்காம வச்சிருந்தாங்க. மூணுல ஒரு பங்கு தேறிருச்சு. மிச்சத்த ஐயா திரும்ப அடிச்சுட்டு இருக்காரு, போன் பண்ணி "கீழ யூடிஎஃப் எட்டுன்னு போட்டுருக்கு தம்பி, மூடவா?"ன்னு கேக்குறாரு.