போர்ட்லாந்து காலநிலை நிதி: நகரத்துப் பூர்வகுடி அமைப்புகளுக்கு மானியம் கிடைப்பது எப்படி?

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் இருக்கும் போர்ட்லாந்து நகரத்தில், பெரிய கடை ஒன்று 100 டாலருக்கு ஒரு மிக்ஸி விற்றால் அதில் 1 டாலரை நகராட்சிக்குக் கட்ட வேண்டும். அதே கடை அரிசி, பால், மருந்து விற்றால் கட்ட வேண்டாம். காலநிலைத் திட்டங்களுக்காக இப்படிச் சேரும் பணம்தான் போர்ட்லாந்து தூய ஆற்றல் சமூகப் பயன் நிதி. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அங்குள்ளவர்கள் இதைப் ‘பி-செஃப்’ என்கிறார்கள்.

எல்லாக் கடைகளுக்கும் இந்தக் கட்டணம் கிடையாது. நாடு முழுவதும் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கும், போர்ட்லாந்துக்குள் மட்டும் 5 லட்சம் டாலருக்கும் குறையாமல் வியாபாரம் செய்யும் நிறுவனங்கள்தான் கட்ட வேண்டும். தெருமுனைக் கடைக்காரர் தப்பித்தார். 2018 நவம்பரில் இதை மக்கள் வாக்குக்கு விட்டபோது நூற்றுக்குச் சுமார் 65 பேர் ஆதரித்தார்கள். அந்த வாக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போன கூட்டணியில் கறுப்பின மக்களின் அமைப்புகளும் ஆசிய வம்சாவளியினரின் அமைப்புகளும் இருந்தன. நாயா எனப்படும் பூர்வகுடி இளைஞர், குடும்ப மையமும் அதில் இருந்தது. யாரோ தீட்டிய திட்டத்தில் பயனாளியாகச் சேர்க்கப்பட்டவர்கள் இல்லை இவர்கள், சட்டத்தையே கொண்டுவந்தவர்களில் ஒரு தரப்பு. இந்தத் திட்டத்தில் எனக்கு முதலில் பிடித்துப்போனது இதுதான்.

நகரத்துப் பூர்வகுடிகளுக்கு ஏன் இப்படி ஒரு வழி தேவைப்படுகிறது? அமெரிக்கப் பூர்வகுடி என்றால் தனக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் வாழ்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பத்தில் ஏழு பேர் நகரங்களில் இருக்கிறார்கள். தாங்களாக விரும்பி வந்தவர்கள் மட்டும் அல்ல. 1954-ல் வந்த ஒரு சட்டம் மேற்கு ஓரிகானின் பூர்வகுடிகளுக்கு இருந்த அரசு அங்கீகாரத்தை ஒரே வீச்சில் ரத்து செய்தது. அறுபதுக்கும் மேற்பட்ட குலங்கள் சட்டத்தின் கண்ணில் இல்லாமல் போயின. நிலமும் போயிற்று, பலரும் பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தார்கள். சிலெட்ஸ் மக்களுக்கு 1977-லும் கிராண்ட் ரோண்ட் மக்களுக்கு 1983-லும்தான் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

இங்கேதான் சிக்கல். மத்திய அரசு பூர்வகுடிகளுக்கென ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதி, அங்கீகாரம் பெற்ற குலங்கள் தங்களுக்கென நடத்தும் பழங்குடி அரசுகளின் வழியாகப் போகிறது. ஐம்பது வருடமாக நகரத்து அடுக்ககத்தில் குடியிருக்கும் குடும்பத்துக்கு அது எட்டுவதில்லை. போர்ட்லாந்தின் கல்லி பகுதியில் 2020-ல் திறந்த ‘நெசிகா இலாஹி’ குடியிருப்பு இதற்கு அரிதான விதிவிலக்கு. 59 வீடுகள். சிலெட்ஸ் அரசு தனக்கு வந்த வீட்டுவசதிப் பணத்தை நகரத்துக்கே கொண்டுவந்து நாயாவோடு சேர்ந்து கட்டியது. கொலம்பியா ஆற்றங்கரையில் பல இனத்தாரும் வணிகத்துக்குப் பேசிய சினூக் வாவா மொழியில் அந்தப் பெயருக்கு ‘எங்கள் இடம்’ என்று பொருள். ஆனால் எல்லா நகரத்திலும் எல்லாக் காரியத்துக்கும் இப்படி ஒரு பழங்குடி அரசு கைகொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாதே.

பி-செஃப் அந்தச் சுற்றுவழியைத் தவிர்க்கிறது. சமூக மானியத்துக்கு விண்ணப்பிப்பது லாபநோக்கற்ற அமைப்பு. உறுப்பினர்கள் எந்தக் குலத்தில் பதிவு பெற்றவர்கள் என்பது தகுதி அல்ல. அமைப்பு என்ன செய்கிறது, யாருக்குச் செய்கிறது, பயன் போர்ட்லாந்து எல்லைக்குள் விழுகிறதா என்பதுதான் கேள்வி. மக்கள் வாக்களித்த மூலச் சட்டம் இன்னொன்றையும் சொன்னது: ஏழை மக்களுக்குப் பணிசெய்வதையே நோக்கமாக எழுதிவைத்து, அதைச் செய்தும் காட்டிய அமைப்புகளுக்கு ஆண்டுதோறும் குறைந்தது 20 சதவீதப் பணம் போக வேண்டும். அதனால் விண்ணப்பம் எழுதுமுன் உங்கள் அமைப்பின் நோக்க வாசகத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். பல சிறு அமைப்புகளில் அது முதல் நாள் அவசரத்தில் எழுதியதாகவே கிடக்கும்.

எதற்கெல்லாம் பணம்? வீடுகளில் சூரியத் தகடு, வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உதவும் ‘ஹீட் பம்ப்’ கருவி, சுவரிலும் கூரையிலும் வெப்பத்தடுப்பு ஆகியவை முதல் வகை. இந்த வேலைகளுக்கு ஆள் பயிற்றுவிப்பது அடுத்தது. இங்கே கூலிக்கும் ஒரு வரம்பு வைத்தார்கள்: இந்த நிதியில் நடக்கும் திட்டங்களில் வேலை செய்பவருக்குக் குறைந்தபட்சக் கூலியில் 180 சதவீதமாவது தர வேண்டும். அப்புறம் மண்ணைக் காக்கும் வேளாண்மை, பசுமைப் பணிகள். 2022-ல் விதிகளைத் திருத்தி மரம் வளர்ப்பையும் போக்குவரத்தையும் சேர்த்தார்கள்.

மரம் ஏன் முக்கியம் என்பதற்கு வெயிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2021 ஜூன் 28 அன்று போர்ட்லாந்தில் 46.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. அது அதிகாரப்பூர்வ அளவு. அதே நாள் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் விவேக் சந்தாஸ் தெருத்தெருவாகக் கருவியோடு போய் அளந்தார். மரமில்லாத, ஏழைகள் அதிகமுள்ள லென்ட்ஸ் பகுதியில் 51 டிகிரி. மரங்கள் அடர்ந்த வசதியான பகுதியில் 37. ஒரே ஊர், ஒரே நாள், 14 டிகிரி வித்தியாசம். அந்த வெயிலில் போர்ட்லாந்து இருக்கும் மல்ட்னோமா கவுன்டியில் (மாவட்டத்தில்) சுமார் 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஏசி இல்லாத வீட்டில் தனியாக இருந்த முதியவர்கள். அதன் பிறகு இந்த நிதியிலிருந்தே ஐந்தாண்டில் 15,000 குளிரூட்டும் கருவிகளை வசதி குறைந்த வீடுகளில் பொருத்தும் திட்டம் வந்தது.

பூர்வகுடிகள் முன்னின்று நடத்தும் திட்டம் என்றால் வேறென்ன இருக்க முடியும் என்பதற்குக் கல்லி பூங்காவைப் பார்க்கலாம். குப்பைக்கிடங்காக இருந்த 25 ஏக்கர் நிலம் அது. 2018-ல் பூங்காவாகத் திறந்தபோது பல குலத்தாரும் சேர்ந்து பயன்படுத்தும் தாவரத் தோட்டம் ஒன்றும் அதில் இருந்தது. பி-செஃப் வருவதற்கு முந்தைய வேலை. ஆனாலும் எந்தவிதமான அறிவுக்கு இந்த நிதி உதவ வேண்டும் என்பது அங்கே தெரிகிறது. அந்த மண்ணின் பழைய உணவு காமாஸ் என்ற கிழங்கு. வசந்தத்தில் நீலப்பூ பூக்கும். மண்ணில் குழி தோண்டி, சுட்ட கற்களை அடுக்கி, ஒரு நாளுக்கு மேல் வேகவைத்தால் இனிக்கும். அதன் நடுவிலேயே வெளிர்ப்பூ பூக்கும் இன்னொரு செடி வளரும். அதன் கிழங்கு கொடிய விஷம். பூ உதிர்ந்துவிட்டால் இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால், பூத்திருக்கும்போதே விஷச்செடியைப் பிடுங்கிவிடுவார்கள். புல்வெளி புதர்மண்டிப் போகாமல் அவ்வப்போது அளவாகத் தீ வைப்பதும் அவர்கள் வழக்கம். ஈரநிலத்தையும் புல்வெளியையும் மீட்க நினைக்கும் நகரம் இதைத் தெரிந்தவர்களிடம்தானே கேட்க வேண்டும்?

ஆனால் பண்பாட்டுப் பெருமையை மட்டும் எழுதினால் மானியம் வராது. பசுங்குடில் வாயு எவ்வளவு குறையும், எத்தனை குடும்பத்துக்குப் பயன் என்று எண்ணில் காட்ட வேண்டும். தோட்டம் போடும் அமைப்புக்கு இது கடினம்தான். கணக்குத் தெரிந்த ஒரு பங்காளி அமைப்பைச் சேர்த்துக்கொள்வது நல்லது. முதல்முறை என்றால் சிறு மானியத்தில் தொடங்கலாம். பெரிய விண்ணப்பங்களை 9 பேர் கொண்ட குழு பார்த்துப் பரிந்துரைக்கும், முடிவு நகரமன்றத்தின் கையில். 2021 ஏப்ரலில் வந்த முதல் சுற்றில் 45 திட்டங்களுக்கு 86 லட்சம் டாலர் கிடைத்தது.

எனக்கு ஒரு கவலை உண்டு. பிரசாரத்தின்போது ஆண்டுக்குச் சுமார் 3 கோடி டாலர் சேரும் என்றார்கள். வந்ததோ அதைவிடப் பல மடங்கு. 2023-ல் ஐந்தாண்டுக்கு 75 கோடி டாலர் திட்டத்துக்கு நகரமன்றம் ஒப்புதல் தந்தது. பணம் பெருகியதும் நகராட்சித் துறைகளும் பங்கு கேட்டு, கணிசமாகப் பெறவும் தொடங்கிவிட்டன. மரம் நடும் துறைக்குப் பணம் போவதில் தவறில்லை. ஆனால் வாக்கெடுப்புக்கு உழைத்த சிறு அமைப்புகள் வரிசையில் பின்னால் தள்ளப்பட்டால் அது அநியாயம்.

ஹில்ஸ்பரோவிலும் பீவர்டனிலும் இருக்கும் தமிழர்கள் சிலருக்கு இதில் கைகோக்க ஆசை இருக்கலாம். அந்த ஊர்கள் போர்ட்லாந்து எல்லைக்கு வெளியே இருப்பதால் அங்கே செய்யும் திட்டத்துக்கு மானியம் இல்லை. ஆனால் சூரியத் தகடு வடிவமைப்போ கார்பன் கணக்கோ தெரிந்தவர்கள், விண்ணப்பம் எழுதத் திணறும் ஒரு பூர்வகுடி அமைப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களை எழுதிக் கொடுக்கலாம்.