மரபணுக்களை ஆளும் புரதங்களை நிறுப்பது எப்படி?

தெல்லிப்பழையில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவரின் பரிசோதனை அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று பெயர்களைப் பார்க்கலாம். மூன்றுமே புரதங்கள். இவற்றில் ஈ.ஆர். ஐ எடுத்துக்கொள்வோம். ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் வந்து ஒட்டியதும் அது டி.என்.ஏ.யில் போய் அமர்ந்து, கலத்தைப் பெருகவைக்கும் மரபணுக்களை இயக்கிவிடும். தமொக்சிபென் குளிசை அந்த ஈஸ்ட்ரஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மரபணு இருந்தபடியே இருக்க, அதை ஆளும் புரதம் முடங்கிப்போகிறது.

எங்கள் கலம் அநேகமாக ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2 மீற்றர் நீளமான டி.என்.ஏ. உண்டு. புரதம் செய்வதற்கான மரபணுக்கள் அதில் சுமார் 20,000. ஈரல் கலத்துக்கும் நரம்புக் கலத்துக்கும் அதே 20,000 தான். எது இயங்குகிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்பதில்தான் வேறுபாடு. இந்த ஆட்சியை நடத்துவதில் பெரும்பங்கு புரதங்களுடையது. 2006 இல் ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாக்கா எலியின் முதிர்ந்த கலங்களுக்குள் நான்கே மரபணுக்களைச் செலுத்தி, அவற்றை மறுபடி ஸ்டெம் செல் எனப்படும் குருத்துக்கலங்கள் ஆக்கிக் காட்டினார். நான்கும் பிற மரபணுக்களை ஆளும் புரதங்களைத் தருபவை. அவற்றில் ஒன்றான சி-மிக், பல புற்றுநோய்களில் மிதமிஞ்சிக் காணப்படுவது. ஓயாமல் பிரியும் குணம் குருத்துக்கலத்துக்கும் புற்றுக்கலத்துக்கும் பொது என்பதால், இதில் வியக்க அதிகமில்லை.

புரதத்தை நேரே அளப்பானேன், புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலான ஆர்.என்.ஏ.யை அளந்தால் போதாதா? அது சுலபந்தான். ஆனால் ஆர்.என்.ஏ. நிறைய இருந்தால் புரதமும் நிறைய இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சி-மிக் அரை மணிநேரத்துக்குள் பாதியாகக் கரைந்துவிடும். சில புரதங்கள் நாட்கணக்கில் நிலைக்கும். அதைவிட, செய்து முடித்த புரதத்தின் மேல் ஏறும் இரசாயனக் குறிகளை ஆர்.என்.ஏ. காட்டவே காட்டாது.

ஆகவே கலத்தை உடைத்து, உள்ளிருக்கும் புரதங்களை டிரிப்சின் என்ற நொதியத்தால் வெட்டுகிறார்கள். அது லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களை அடுத்து மட்டுமே வெட்டும். அதனால் எந்தப் புரதம் எப்படித் துண்டாகும் என்று முன்கூட்டியே கணிக்கலாம். துண்டுகளை மெல்லிய குழாயில் ஓடவிட்டுப் பிரித்து, உயர் மின்னழுத்தத்தில் நுண்துளிகளாகத் தெளித்து மின்னேற்றம் பெறவைத்து, மாஸ் ஸ்பெக்ட்ரோமீற்றருக்குள் அனுப்புவார்கள். கருவி ஒவ்வொரு துண்டையும் நிறுக்கும். பின் அதை மோதி உடைத்து, சிதறலையும் நிறுக்கும். இரண்டு எடைகளையும் வைத்து அது எந்தப் புரதத்தின் துண்டு என்று கணினி கண்டுபிடிக்கும். இவ்வளவு பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் மின்னேற்றும் வழிகளைக் கண்டதற்காகத்தான் ஜோன் பெனும் கொயிச்சி தனாக்காவும் 2002 இல் நோபல் பரிசில் பங்குபெற்றார்கள்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது ஹிஸ்டோன் எச்-3 விவகாரம். டி.என்.ஏ. சுற்றிக் கிடப்பது ஹிஸ்டோன் புரதங்களில். எச்-3 இன் 27 ஆவது இடத்தில் ஒரு லைசின் உண்டு. ஈ.இசட்.எச்-2 என்ற நொதியம் அதில் மூன்று மீதைல் கூட்டங்களை, அதாவது மேலே சொன்ன இரசாயனக் குறிகளில் ஒரு வகையை, ஏற்றினால் அயலிலுள்ள மரபணு அடங்கும். குருத்துக்கலம் தன் வளர்ச்சி மரபணுக்களை வேளை வரும்வரை அடக்கிவைப்பது பெரும்பாலும் இப்படித்தான். அதே லைசினில் மீதைலுக்குப் பதிலாக அசற்றைல் என்ற இன்னொரு குறி ஏறினால், அயல் மரபணு இயங்குகிறது என்று பொருள். கட்டளைகள் நேரெதிர், எடையோ கிட்டத்தட்ட ஒன்று. மூன்று மீதைலால் கூடுவது 42.047 டால்ற்றன் (மூலக்கூறுகளை நிறுக்கும் அலகு), அசற்றைலால் கூடுவது 42.011. வித்தியாசம் வெறும் 0.036. குறி ஏறிய துண்டின் முழு எடையோ 1,500 அளவில். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் ஒரு பவுண் சங்கிலியை நிறுக்கும்போது மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடிப்பதற்கு இது சமம். மில்லிகிராம் வரை காட்டும் தராசுகூட அதைக் காட்டாது. 2005 இல் சந்தைக்கு வந்த ஓர்பிட்ராப் வகை மாஸ் ஸ்பெக்ட்ரோமீற்றர்களுக்கு அது சிரமமில்லை.

இந்தக் குறி குழம்பினால் என்ன நடக்கும் என்பதற்குச் சிறுவர்களின் மூளைத்தண்டில் வரும் ஒருவகைக் கட்டியே சாட்சி. அதில் அந்த 27 ஆவது லைசின் வேறொரு அமினோ அமிலமான மெதியோனினாக மாறியிருப்பது 2012 இல் தெரியவந்தது. எச்-3 ஐத் தரும் பல மரபணுக்களில் ஒன்றே ஒன்றுதான் கெட்டிருக்கும். ஆனாலும் கலம் முழுவதிலும் மூன்று மீதைல் குறி சரிந்துவிடுகிறது. லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய்கள் சிலவற்றில் கதை மறுபக்கம்: ஈ.இசட்.எச்-2 அளவுக்கு மீறி வேலை செய்யும். அதைத் தடுக்கும் டசமெற்றோஸ்டாற் மருந்துக்கு அமெரிக்கா 2020 இல் அனுமதி கொடுத்தது.

குறையும் உண்டு. டி.என்.ஏ.யைப் பி.சி.ஆர். மூலம் கோடிக்கணக்காகப் பெருக்கலாம். புரதத்தைப் பெருக்க வழியில்லை, இருப்பதை வைத்தே நிறுக்க வேண்டும். ஆனால் புதிதாக வெட்டியெடுத்த இழையந்தான் வேண்டும் என்றில்லை. போர்மலினில் பதப்படுத்தி மெழுகில் புதைத்த பழைய கட்டிகளிலிருந்தும் இப்போது புரதத் துண்டுகளை எடுக்கிறார்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணும் வாய்ப் புற்றுநோயை, வெற்றிலையும் புகையிலையும் கொண்டுவரும் அந்த நோயை, இப்படி ஆராயலாம் என்பது என் எண்ணம். கருவி பல கோடி ரூபா. மாதிரியை அது இருக்கும் இடத்துக்கு அனுப்பினால் போயிற்று. யார் எத்தனை வருடம் புகையிலை சப்பினார், எந்த வயதில் புண் கண்டது என்ற விபரத்தை மட்டும் இங்கேயே, நோயாளியிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.