போரில் தப்பி, தரையில் சிதைந்த ஜீரோ

விமானப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

1942 ஜூன் 4. அலாஸ்காவின் டச்சு ஹார்பரைத் தாக்க வந்த ஜீரோ என்ற ஜப்பானியப் போர் விமானம் ஒன்றின் ஆயில் குழாயைத் தரையிலிருந்து வந்த குண்டு அறுத்துவிட்டது. ஆயில் ஒழுக ஒழுக அகுடான் தீவில் இறங்கினார் 19 வயது விமானி கோகா. மேலிருந்து பார்க்கப் புல்வெளி. உண்மையில் சதுப்பு நிலம். சக்கரம் சேற்றில் மாட்டி விமானம் குப்புறக் கவிழ, கழுத்து முறிந்து இறந்தார். எதிரி கையில் சிக்காமல் அதைச் சுட்டு எரிக்கவேண்டும் என்பது உத்தரவு. கூட வந்தவர்களுக்குக் கை வரவில்லை. உள்ளே அவர் உயிரோடு இருந்தால்?

ஜூலை 10 அன்று அமெரிக்க ரோந்து விமானம் அதைக் கண்டுபிடித்தது. அமெரிக்காவின் சான் டியாகோவுக்குக் கொண்டுபோய் வால், இறக்கை நுனி, கண்ணாடி மூடி எல்லாவற்றையும் சரிசெய்தார்கள். ப்ரொப்பெல்லரைக்கூட மாற்றவில்லை, சீர்படுத்தி அதையே மாட்டினார்கள். செப்டம்பர் 20 அன்று பறந்தது.

ஓட்டிப் பார்த்தபோது, மூக்கைச் சட்டென்று கீழே அமுக்கினால் இன்ஜின் நின்றுபோனது. காரணம், மிதவை வைத்த கார்புரேட்டர் (இன்ஜினுக்கு எரிபொருளைக் காற்றோடு கலந்து தரும் கருவி). வேகம் 200 நாட்டுக்கு (மணிக்குச் சுமார் 370 கி.மீ.) மேல் போனால், விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும் இறக்கைத் தகடான ஏலரான் கல்லாக இறுகியது. வலப்பக்கம் உருள்வது இன்னும் சிரமம். ‘ஜீரோ துரத்தினால் செங்குத்தாகக் கீழே பாய்ந்து வலப்பக்கம் உருளுங்கள்’ என்று அமெரிக்க விமானிகளுக்குச் சொல்லப்பட்டது.

இத்தனையும் தாண்டிய விமானம் முடிந்தது வானத்தில் இல்லை. 1945 பிப்ரவரியில், சான் டியாகோவில் தரையில் ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த ஹெல்டைவர் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் அதன்மேல் ஏறிவிட்டது. ஹெல்டைவரின் ப்ரொப்பெல்லர் ஜீரோவை வாலிலிருந்து விமானி அறைவரை வெட்டித் தள்ளியது. ஜீரோ விமானி பிழைத்ததே பெரிது. வால் சக்கர விமானம் தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நேர் எதிரே இருப்பது விமானிக்குத் தெரியாது. வளைந்து வளைந்து ஓட்டி, பக்கவாட்டில்தான் எட்டிப் பார்க்கவேண்டும்.

எனக்கும் அனுபவம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சக்கரக் கட்டையை எடுக்கக் குனிந்தவன் நிமிர்ந்து இரண்டடி முன்னால் போனேன். சுற்றும் ப்ரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது, அது இருக்குமிடம் வெறும் காற்றாகத்தான் தெரியும். சீனியர் அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். அப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவே இல்லை.

அந்த ஜீரோவில் மிஞ்சியது சில அளவுமானிகளும் துண்டுகளும்தான். அவை அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.