பம்ப் பாலை இழுப்பதில்லை

தாய்ப்பால் எடுக்கும் பம்ப் வாங்கும்போது பலரும் முதலில் பார்ப்பது அதன் உறிஞ்சு விசையைத்தான். 250, 300 என்று பாதரச மில்லிமீட்டர் கணக்கில் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள். எண் கூடினால் பாலும் கூடும் என்று நம்பி, வலியைப் பொறுத்துக்கொண்டு விசையை ஏற்றுகிற தாய்மார்களை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. பால் அப்படி வருவதே இல்லை.

மார்பகத்துக்குள் பால் தேங்கி நிற்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணறைகளில். ஒவ்வோர் அறையையும் தசை போலச் சுருங்கும் செல்கள் வலைபோலச் சூழ்ந்திருக்கின்றன. குழந்தை சப்பத் தொடங்கியதும் முலைக்காம்பின் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்ப, பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அந்தச் செல்கள் சுருங்கி, பாலை நாளங்களுக்குள் பிழிந்து தள்ளுகின்றன. ‘பால் இறங்குகிறது’ என்று தாய்மார்கள் சொல்வது இதைத்தான். இது நடக்கும்வரை எந்தப் பம்பாலும் பெரிதாக எதையும் எடுக்க முடியாது. வலியும் பதற்றமும் ஆக்சிடோசினைத் தடுக்கக்கூடியவை. ஆகவே வலிக்க வலிக்க உறிஞ்சும் பம்ப், வர வேண்டிய பாலைத் தானே நிறுத்தி வைக்கிறது. வலியில்லாமல் தாங்க முடிகிற அளவில் எது அதிகமோ, அதுவே அவரவர்க்குச் சரியான விசை.

குழந்தை முதலில் வேகவேகமாக, மேலோட்டமாகச் சப்பும். பால் இறங்கியதும் நிதானமாக, ஆழமாக உறிஞ்சி விழுங்கும். நல்ல மின்பம்புகள் இதைப் பார்த்துச் செய்யப்பட்டவை. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 100 முறைக்கு மேல் மென்மையாக உறிஞ்சும். பால் இறங்கிய பிறகு வேகத்தைப் பாதியளவுக்குக் குறைத்து விசையைக் கூட்டும். வேகத்தையும் விசையையும் தனித்தனியே மாற்ற முடிகிறதா என்பதைத்தான் கடையில் முதலில் கேட்க வேண்டும்.

அடுத்தது, மார்பில் பொருத்தும் புனல். என் கணிப்பில் மோட்டாரைவிட இதுவே முக்கியம். பல பம்புகளுடன் 24 மில்லிமீட்டர் புனல் வருகிறது. எல்லார் உடலும் ஒரே அளவா என்ன? முலைக்காம்பின் அடிப்பகுதியின் விட்டத்தை, கருவட்டத்தைச் சேர்க்காமல் அளந்து, அதற்குச் சமமாகவோ சில மில்லிமீட்டர் கூடுதலாகவோ புனலைத் தேர்ந்தெடுக்கலாம். காம்பு குழாயின் சுவரில் உரசினால் புனல் சிறியது. கருவட்டம் வெகுவாக உள்ளே இழுபட்டால் பெரியது.

எப்போதாவது ஒருமுறை எடுப்பவருக்குக் கைப்பம்பே போதும். தினமும் பலமுறை எடுப்பவருக்கு, இரு பக்கமும் ஒரே சமயத்தில் இயங்கும் மின்பம்ப் நேரத்தைப் பாதியாக்கும். குறைமாதத்தில் பிறந்து இன்னும் சப்பத் தெரியாத குழந்தையின் தாய்க்கு, மருத்துவமனைகளில் பயன்படும் கனரகப் பம்பை வாடகைக்கு எடுப்பது நல்லது. மார்பு காலியாகக் காலியாகத்தான் அடுத்த பால் ஊறும். அங்கே அந்த வேலையைப் பம்ப் ஒன்றே செய்தாக வேண்டியிருக்கிறது.

பாலும் ஈரமும் மோட்டார்ப் பக்கம் போகாமல் தடுக்கும் சவ்வு உள்ளதா என்று பாருங்கள். அது இல்லாத பம்பில், கழுவ முடியாத உட்பகுதியில் பூஞ்சை படியலாம்.

புனலுக்கும் புட்டிக்கும் இடையே உள்ள வால்வுகள் மெல்லிய சிலிகோனால் ஆனவை. நாளடைவில் தளர்ந்து காற்றை விட்டுவிடும். மோட்டார் வழக்கம்போல ஓடும், பால் மட்டும் குறையும். தனக்குப் பால் வற்றிவிட்டதோ என்று தாய் கலங்குவதற்கு முன், அந்தச் சிறு வால்வை மாற்றிப் பார்க்க வேண்டும்.