துடுப்புப் போடும்போது இடுப்பைக் காப்பது எப்படி?

கோடை விடுமுறையில் கொடைக்கானல் போய் வந்து குறுக்கைப் பிடித்துக்கொண்டு என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வருபவர்கள் பெரும்பாலும் காரைத்தான் குறை சொல்வார்கள். "மலைப்பாதையில உலுக்கிருச்சு சார்." துருவிக் கேட்டால், ஏரியில் துடுப்புப் போட்டது தெரியவரும். (1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி அது. மதுரைக்காரர்களான நமக்கும் அதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு!)

கார் மேல் பாதிப் பழி நியாயம்தான். மதுரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் முதுகை வளைத்து உட்கார்ந்தே போகிறோம். அப்போது முதுகெலும்பைத் தாங்கும் தசைநார்கள் தளர்ந்திருக்கும். இறங்கியவுடன் படகேறி, குனிந்து எட்டி வெடுக்கென்று இழுத்தால் பாரம் முழுக்க இடுப்பு டிஸ்க்கில் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பது) விழும். பத்து நிமிடமாவது நடந்துவிட்டு ஏறுங்கள்.

படகின் விளிம்பில் மாட்டிய துடுப்பு ஒரு நெம்புகோல். துடுப்பு முனையில் உள்ள அகலமான பலகை முழுதும் நீரில் மறைந்தால் போதும். அதற்கு மேல் ஆழமாக அமுக்கினால் வேகம் கூடாது, உடம்புதான் நோகும். இரண்டு பாதங்களையும் எதிரே உள்ள கட்டையில் அழுத்தமாக ஊன்றுங்கள். நெஞ்சை நிமிர்த்தி, முதுகை வளைக்காமல் தொடை மடியும் இடத்தில் முன்னே சாயுங்கள். காலை உதைத்தபடியே உடம்பைப் பின்னே கொண்டுவந்து, கையைக் கடைசியில் மடக்குங்கள். நம்மவர்கள் முதலில் கையை மடக்கிவிடுகிறார்கள். தோளும் மணிக்கட்டும் வலிப்பது அதனால்தான். பிடியை இறுக்கவும் வேண்டாம்.

ஜிம்மில் உள்ள ரோயிங் மெஷினுக்கும் இதே வரிசைதான். இருக்கை நகர்வதால் அங்கே கால்களுக்கு வேலை இன்னும் அதிகம். ஏற்கெனவே டிஸ்க் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரண்டையும் தொட வேண்டாம்.

வலி வந்துவிட்டால்? சுளுக்கு எடுக்கிறேன் என்று முதுகில் ஏறி மிதிக்க விடாதீர்கள். ஒரு வாரம் படுத்தே கிடப்பதும் தப்பு. தாங்கும் அளவுக்கு நடமாடினால் சாதாரணப் பிடிப்பு சில நாட்களில் குறையத் தொடங்கும். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ பாதம் மரத்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ அறியாமல் கசிந்தாலோ, கால் பலமிழந்தாலோ, நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அழுத்தப்பட்ட நரம்புகளுக்கு அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.