கன்ஃபர்மேஷன் – நியமன ஒப்புதல்

அமெரிக்க அதிபர் ஒருவரை ஃபெடரல் நீதிபதி பதவிக்கு முன்மொழிந்த அன்றே, ‘நீதிபதியாக நியமனம்’ என்று தமிழில் தலைப்பு வந்துவிடுகிறது. அன்றைக்கு அவர் நீதிபதி இல்லை. செனட் சபை ஒப்பினால்தான் அதிபர் அவரை நியமிக்க முடியும். அந்த ஒப்புதலுக்குத்தான் அங்கே கன்ஃபர்மேஷன் என்று பெயர்.

‘ஃபிர்முஸ்’ என்றால் லத்தீனில் உறுதியானது. அதிலிருந்து பிறந்த ‘கோன்ஃபிர்மாரே’ என்ற வினைக்கு நன்றாக உறுதிப்படுத்துதல் என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் ‘உறுதிபூசுதல்’ என்றும், சி.எஸ்.ஐ. சபையார் ‘திடப்படுத்தல்’ என்றும் சொல்லும் சடங்கின் பெயரும் இதே சொல்தான். அலுவலகத்தில் “அவர் கன்ஃபர்ம் ஆயிட்டாரா?” என்று கேட்டால், தகுதிகாண் பருவம் முடிந்து வேலை நிரந்தரமாகிவிட்டதா என்று பொருள். இந்த இரண்டிலும் ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார். அவர் நிலை உறுதியாகிறது. செனட் விஷயத்தில் ஆள் இன்னும் வெளியே நிற்கிறார். ‘நியமனம் உறுதிப்படுத்தப்பட்டது’ என்று எழுதினால், நியமனம் முன்பே நடந்துவிட்டது போலவும் செனட் முத்திரை மட்டும் குத்தியது போலவும் ஆகிவிடுகிறது.

1787இல் எழுதப்பட்ட அரசமைப்பில் நீதிபதி நியமனத்தைப் பற்றிய வரியில் கன்ஃபர்மேஷன் என்ற சொல்லே இல்லை. இரண்டாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, செனட்டின் ‘ஆலோசனையோடும் இசைவோடும்’ அதிபர் நியமிக்க வேண்டும் என்கிறது. இசைவு என்பதுதான் அடிப்படைக் கருத்து. ஆனால் அரசு நடைமுறையில் ‘ஒப்புதல்’ என்பதே எல்லோர் வாயிலும் வழங்குகிறது. ஆகவே ‘நியமன ஒப்புதல்’ என்பதே பொருத்தமான தமிழ்ச்சொல். செய்தியில் ‘செனட் ஒப்புதல்’ என்று சுருக்கலாம்.

நாமினி என்ற சொல்லில் குழப்பம் இன்னும் அதிகம். வங்கியில் நாமினி என்றால் கணக்குதாரர் இறந்தபின் பணத்தைப் பெறுபவர். தேர்தலில் நாமினேஷன் என்றால் வேட்புமனு. மாநிலங்களவையின் 12 நியமன உறுப்பினர்களுக்குக் குடியரசுத் தலைவர் பெயரிடுவதே நியமனம். வேறு யாருடைய ஒப்புதலும் வேண்டாம். இந்தப் பழக்கத்தில் அமெரிக்க நாமினியை ‘நியமனர்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகும். ‘பரிந்துரைக்கப்பட்டவர்’ என்பதும் சரியில்லை. அது நம் கொலீஜியம் என்ற மூத்த நீதிபதிகள் குழு மத்திய அரசுக்குப் பெயர் அனுப்புவதைக் குறிக்கும் சொல். அமெரிக்க அதிபர் பரிந்துரைப்பவர் அல்லர், நியமிக்கும் அதிகாரமே அவருடையது. ‘முன்மொழியப்பட்டவர்’ என்பது கொஞ்சம் நீளம்தான், ஆனால் பிழையில்லாதது.

ஃபெடரல் என்பதன் வேர் ‘ஃபோய்துஸ்’, அதாவது உடன்படிக்கை. தமிழ்நாட்டில் கூட்டாட்சி, இலங்கையில் சமஷ்டி, மலேசியாவில் கூட்டரசு என்கிறோம். கூட்டாட்சி என்பது முறையின் பெயர். அந்த முறையில் அமைந்த அரசு கூட்டரசு. எனவே ‘கூட்டரசு நீதிபதி’ என்ற மலேசிய வழக்கே இங்கு நன்றாகப் பொருந்துகிறது. மாநில நீதிபதிகளிலிருந்து இவர்களைப் பிரித்துக் காட்டுவதும் அவசியம். பல மாநிலங்களில் நீதிபதிகள் மக்கள் வாக்கில் தேர்வாகிறார்கள். கூட்டரசு நீதிபதிக்குப் பொதுமக்கள் வாக்கு கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது. நம் உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயதில் விடைபெறுகிறார். அங்கே ஒருமுறை கிடைத்த ஒப்புதல், நன்னடத்தை உள்ளவரை, வாழ்நாள் முழுக்கச் செல்லும். ஒரு பெயருக்கு இத்தனை ஆதரவும் எதிர்ப்பும் திரள்வதற்குக் காரணம் அதுதான்.

பெயர் செனட்டுக்குப் போவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும். எஃப்பிஐ பின்னணி விசாரிக்கும். முன்மொழியப்படுபவர் தன் வழக்குகள், எழுத்துகள், உரைகள், வருமானம் எல்லாவற்றையும் செனட்டின் நீதித்துறைக் குழு தரும் நீண்ட வினாத்தாளில் எழுதித் தர வேண்டும். மறந்துபோன ஒரு பழைய உரையை எதிர்த்தரப்பு கண்டெடுத்தால், உரையைவிட அதைச் சேர்க்காமல் விட்டதே பெரிய குற்றச்சாட்டாகிவிடும். பிறகு வருவது நீலச்சீட்டு. பதவி எந்த மாநிலத்துக்கு உரியதோ அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கும், சம்மதமா என்று கேட்டுக் குழு நீலத்தாளில் ஒரு படிவம் அனுப்பும். கூட்டரசின் முதல்படி நீதிமன்றமான மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதிப் பதவிக்கு அது திரும்பி வராவிட்டால் பெயர் அங்கேயே நின்றுவிடும். மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கு இந்தத் தடை சில ஆண்டுகளாக இல்லை.

அடுத்தது பொது விசாரணை. அதன்பின் செனட்டர்கள் எழுத்தில் கேள்வி அனுப்புவார்கள். குழுவின் பட்டியலில் முதல்முறை வரும் பெயரை எந்த உறுப்பினரும் ஒரு வாரம் தள்ளிவைக்கலாம், பெரும்பாலும் தள்ளிவைப்பார்கள். குழு ஆதரித்தோ எதிர்த்தோ கருத்துச் சொல்லாமலோ பெயரை முழுச் சபைக்கு அனுப்பலாம். 1991இல் உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட கிளாரன்ஸ் தாமஸின் பெயர் கருத்தில்லாமல்தான் போனது. சபையில் 52க்கு 48 என்று தேறினார். சபையில் முதலில் விவாதத்தை முடிக்க ஒரு வாக்கு, பிறகு ஒப்புதல் வாக்கு. முன்பு விவாதத்தை முடிக்கவே 60 வாக்கு வேண்டியிருந்தது. கீழ்நிலைக் கூட்டரசு நீதிமன்றங்களுக்கு 2013இலும், உச்ச நீதிமன்றத்துக்கு 2017இலும் அது சாதாரணப் பெரும்பான்மையாகக் குறைந்தது. 2019 முதல், மாவட்ட நீதிபதி என்றால் முதல் வாக்குக்குப் பிறகு 2 மணி நேர விவாதம் போதும். மேல்முறையீட்டு நீதிபதிக்கு 30 மணி நேரம் வரை உண்டு.

இனி, அமெரிக்காவில் வாழ்பவர் ஒரு பெயரை ஆதரிப்பது எப்படி? முதல் தவறு, ஆதரவுக் கடிதத்தைப் பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்கு அனுப்புவது. அவருக்கு இதில் வாக்கே கிடையாது. கடிதம் நீதித்துறைக் குழுவின் தலைவருக்கும், அதே குழுவில் எதிர்க்கட்சியின் மூத்த உறுப்பினருக்கும் சேர்த்து எழுதப்பட வேண்டும். படி ஒன்று உங்கள் மாநிலத்தின் இரு செனட்டர்களுக்குப் போக வேண்டும். இவர்களைத் தவிர வேறு மாநில செனட்டருக்கு எழுதிப் பலனில்லை, அவர்களுடைய இணையப் படிவமே முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் கேட்கும். தபாலை நம்பவும் வேண்டாம். 2001 ஆந்த்ராக்ஸ் தாக்குதலுக்குப் பிறகு நாடாளுமன்றத்துக்கு வரும் அஞ்சல் கதிர்வீச்சில் சுத்திகரிக்கப்பட்ட பிறகே போய்ச் சேருகிறது. பொது விசாரணைக்கு முன்பே கடிதம் குழுவின் கையில் கிடைத்தால் விசாரணையின் ஆவணத்தொகுப்பில் சேரும். குழு வாக்களித்த பிறகு வரும் கடிதத்தால் அதிகப் பயன் இல்லை.

ஒரு பக்கம் போதும். முன்மொழியப்பட்டவரின் முழுப்பெயர், எந்த நீதிமன்றம், அவரை எப்படித் தெரியும், எத்தனை ஆண்டுகளாக, நேரில் பார்த்த ஒரு வேலை, அவ்வளவுதான். அவரோடு நின்று வாதாடியவர் எழுதுவதைவிட, அவரை எதிர்த்து வாதாடித் தோற்றவர் எழுதினால் அதற்கு எடை அதிகம். ஒரே வாசகத்தை ஐம்பது பேர் கையெழுத்திட்டு அனுப்பினால் அலுவலகம் அதை ஒரு கணக்காக மட்டும் குறித்துக்கொள்ளும். ‘குடியேற்ற வழக்குகளில் நம் பக்கம் நிற்பார்’ என்று எழுதுவதுதான் மிகப் பெரிய கேடு. வரப்போகும் வழக்கில் எப்படித் தீர்ப்பளிப்பார் என்று அவரே சொல்லக் கூடாது. ஆதரவாளர் சொல்லிவிட்டால் அந்த வரியைப் படித்துக் காட்டித்தான் விசாரணையில் அவரை மடக்குவார்கள். தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அமெரிக்க வரிச்சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வரிவிலக்குப் பெற்ற அமைப்புக்கு, நீதிபதிக்கு ஆதரவு திரட்டுவது தேர்தல் பிரசாரம் ஆகாது. சட்டமியற்றும் அவையினரிடம் ஆதரவு திரட்டும் பணியாக (லாபியிங்) கணக்கிடப்படும். எனவே செய்யலாம், ஆனால் அமைப்பின் மொத்தப் பணியில் சிறு பங்காக மட்டும் இருக்க வேண்டும்.

நல்ல ஆதரவுக் கடிதத்துக்கு ஸ்ரீகாந்த் ஸ்ரீனிவாசனின் ஒப்புதலை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். தந்தை வழியில் திருநெல்வேலியை அடுத்த மேலத்திருவேங்கடநாதபுரத்துக் குடும்பம். 2012 ஜூனில் அதிபர் ஒபாமா அவரைத் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யின் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தார். தலைநகர் எந்த மாநிலத்திலும் சேராதது, அதற்கு செனட்டர்கள் இல்லாததால் நீலச்சீட்டுத் தடையும் இல்லை. அப்படியிருந்தும் ஆண்டு முடிந்ததும் பெயர் அதிபரிடமே திரும்பியது. கூட்டத்தொடர் முடியும்போது தீராமல் கிடக்கும் பெயர்களைத் திருப்பி அனுப்புவது செனட் விதி. 2013 ஜனவரியில் அதிபர் மறுபடி முன்மொழிந்தார். உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்தில் இரு கட்சி ஆட்சிகளிலும் உயர்பொறுப்பில் இருந்த 12 பேர் சேர்ந்து ஆதரவுக் கடிதம் தந்தார்கள். குடியரசுக் கட்சி அரசுகளில் பணியாற்றிய கென்னத் ஸ்டாரும் தியடோர் ஓல்சனும் அதில் இருந்தார்கள். அவரது வேலையைப் பக்கத்திலிருந்து அறிந்த துறைக்காரர்கள் எழுதியதால் கட்சி பார்த்து ஒதுக்க இடமில்லாமல் போனது. குழுவில் 18க்கு 0, மே 23 அன்று சபையில் 97க்கு 0.

வாக்கு கிடைத்ததும் எல்லாம் முடிந்ததாக நினைப்பதும் சரியில்லை. அதிபர் நியமன ஆணையில் கையெழுத்திட வேண்டும், அதுதான் நியமனம். பிறகு இரண்டு உறுதிமொழிகள், ஒன்று அரசமைப்புக்கு, மற்றொன்று நீதிபதிக் கடமைக்கு. இந்த இடைவெளியில் சிக்கியவர்தான் வில்லியம் மார்பரி. 1801 மார்ச் 3 அன்று செனட் அவரை அமைதி நீதிபதியாக (சிறு வழக்குகளைப் பார்க்கும் பதவி) ஒப்பியது. ஆணையில் கையெழுத்தும் விழுந்தது, முத்திரையும் விழுந்தது; கைக்கு மட்டும் வந்து சேரவில்லை. மறுநாள் ஆட்சி மாறியது, புதிய அரசு ஆணையைத் தர மறுத்தது. அவர் போட்ட வழக்கில்தான், சட்டம் அரசமைப்புக்கு முரணானால் செல்லாது என்று சொல்லும் அதிகாரத்தை 1803இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. மார்பரிக்குப் பதவி கடைசிவரை கிடைக்கவில்லை.