மாங்காய்க்குக் கல்லெறிந்த கை

நகரியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். விசைத்தறி வைத்திருப்பவர். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாகப் பிள்ளைகள் வளர்ந்த குடும்பம். மகன் திருத்தணியில் கல்லூரியில் படிக்கிறார்; பேஸ்பால் அணிக்குத் தேர்வாகியிருக்கிறார். "போட்டிக்கு இரண்டு மாதம் இருக்கிறது. என்னென்ன வாங்க வேண்டும், உடம்பை எப்படித் தயார் செய்ய வேண்டும்? முதல் வாரத்திலேயே முழங்கை வலிக்கிறது என்கிறான். கண் பட்டுவிட்டது என்று என் அம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். புத்தூருக்கு அழைத்துப்போய்க் கட்டுப் போடலாமா?"

வாங்க வேண்டியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மட்டையும் ஹெல்மெட்டும் பெரும்பாலும் கல்லூரியிலேயே இருக்கும். அடியில் முள் உள்ள ஷூவும் அடிவயிற்றுக் காப்பும் சொந்தமாக இருப்பது நல்லது. கிளவுஸ் கட்டாயம் சொந்தமாக வேண்டும், அதுவும் இப்போதே. புதுக் கிளவுஸ் பலகைபோல இருக்கும். எண்ணெயை விரல் நுனியில் தொட்டுத் தடவி, உள்ளே பந்தை வைத்து மடித்துக் கயிற்றால் கட்டி இரவு முழுவதும் விடுங்கள். பகலில் அதைப் போட்டுக்கொண்டு பந்து பிடிக்கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் கைக்குப் பழகிவிடும். எண்ணெயில் குளிப்பாட்டினால் கனத்துத் தொய்ந்துபோகும். தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். ஒட்டிக்கிடக்கும் இழைகள் மடங்க மடங்க ஒன்றின்மேல் ஒன்று வழுக்கத் தொடங்குகின்றன. ராணிப்பேட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தக் கொலாஜன் உங்கள் மகனின் முழங்கைக்குள்ளும் இருக்கிறது. கதை அங்கேதான்.

பந்தை எறிவது கை என்று நினைக்கிறோம். கையின் பங்கு கடைசியில்தான் வருகிறது. முன்கால் தரையில் ஊன்றுகிறது, இடுப்பு திரும்புகிறது, அதன் பின்னால் மார்பு திரும்புகிறது. அந்த நேரத்தில் மடங்கிய முழங்கைக்கு மேலே முன்கையும் அதிலுள்ள 145 கிராம் பந்தும் என்ன செய்கின்றன? நிலைமத்தால் பின்தங்குகின்றன. பஸ் சட்டென்று கிளம்பும்போது நாம் பின்னால் சாய்கிறோமே, அதேதான். உடம்பு முன்னே போக, முன்கை பின்னால் சாய்ந்துகொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் உள்ளங்கை வானத்தைப் பார்க்கிறது. தோளின் முன்பக்கத் தசைகளும் தசைநாண்களும் மூட்டைக் கட்டியிருக்கும் நார்களும் இழுபட்டு விறைத்து நிற்கின்றன. உண்டிவில்லின் ரப்பரை இழுத்துப் பிடித்த நிலை அது. இழுத்தது கை அல்ல, காலும் இடுப்பும். பிறகு விடுதலை.

அந்த விடுதலையை என்னால் அலுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க முடியும். தேர்ந்த பிட்சரின் (பந்தெறிபவரின்) மேல்கை தன் அச்சில் சுழலும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 7,000 பாகை. அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் நொடிக்கு 19 சுற்று வரும். முழு வேகத்தில் ஓடும் சீலிங் ஃபேனைப்போல மூன்று மடங்கு. ஆனால் ஃபேன் வேகமெடுக்க நேரம் எடுத்துக்கொள்கிறது. இங்கே எல்லாம் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. தசைச் சுருக்கம் மட்டும் இவ்வளவு வேகத்தில் ஆற்றலைக் கொட்டாது. முன்கூட்டிச் சேமித்த ஆற்றல் இருந்தால்தான் முடியும்.

இதை நால்வர் அளந்து காட்டிய ஆய்வு 2013இல் 'நேச்சர்' இதழில் வந்தது. கல்லூரி பேஸ்பால் வீரர்களின் தோளில் பட்டை கட்டி அசைவைக் குறைத்துப் பார்த்தார்கள், வேகம் குறைந்தது. நம்மைவிட வலிமையான சிம்பன்சி எறிந்தாலோ மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டுவதே பெரும்பாடு. அதன் தோள் அமைப்பு இந்த ரப்பரை இழுக்க விடுவதில்லை. வேட்டையாடிய நம் மூதாதையரின் உடம்பு எறிவதற்கென்றே செதுக்கப்பட்டது என்பது அவர்கள் முடிவு. அந்த நால்வரில் ஒருவர் பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் இருந்தவர். குரங்கு கல்லெறிவதையெல்லாம் அளக்க ஒரு ஆராய்ச்சியா, அதற்குப் பணமா என்று சிரிப்பவர்கள் நம் பட்ஜெட் விவாதங்களில் எப்போதும் உண்டு. உங்கள் மகனின் முழங்கை ஏன் வலிக்கிறது என்பதற்குப் பதில் அப்படிப்பட்ட ஆராய்ச்சிகளிலிருந்துதான் வருகிறது.

தோளின் ரப்பர் பாய்ந்து திரும்பும்போது முழங்கையின் உட்புறம் பிளக்கப் பார்க்கிறது. மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் அங்கே பிணைத்திருப்பது விரல் நீளம்கூட இல்லாத ஒரு தசைநார். உச்ச வேகத்தில் எறிபவரின் முழங்கையில் விழும் முறுக்குவிசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்துச் சோதித்தபோது அந்த நார் தாங்கியது சுமார் 32. அப்படியானால் ஒவ்வொரு வீச்சிலும் அறுந்துபோக வேண்டுமே? அறுவதில்லை, ஏனென்றால் முன்கைத் தசைகள் இறுகி மீதிச் சுமையை ஏற்றுக்கொள்கின்றன. தசை களைத்துவிட்டால் நார் தனியாக மாட்டிக்கொள்கிறது.

தசை சில வாரங்களில் வலுப்பெறும். ரத்த ஓட்டம் குறைந்த தசைநாருக்கு மாதங்கள் பிடிக்கும். முதல் வாரமே முழு வேகத்தில் எறிந்த பையனுக்கு வலிக்கிறது என்றால் அக்கம்பக்கத்தார் கண்ணின் மேல் பழிபோட வேண்டியதில்லை. பாட்டி எலுமிச்சம்பழம் சுற்றட்டும், கை அதுவரை ஓய்வில் இருக்குமே. புத்தூர்க் கட்டு விஷயத்தில் நான் கிண்டல் செய்ய மாட்டேன். முறிந்த எலும்பை அசையாமல் வைத்தால் கூடும் என்பது அறிவியல்தான். ஆனால் இது எலும்பு அல்ல. நார் கிழிந்திருந்தால் எக்ஸ்ரேயிலேயே தெரியாது, எம்.ஆர்.ஐ. வேண்டும். ஒரு வாரம் எறியாமல் இருந்தும் வலி போகவில்லை என்றால் எலும்பு மூட்டு மருத்துவரிடம் போங்கள்.

வலி போனால், பத்துப் பதினைந்து மீட்டரில் மெதுவாகத் தொடங்கி வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கூட்டட்டும். வேகம் கடைசியில். ஜன்னல் கம்பியில் பழைய சைக்கிள் டியூபைக் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து வெளிப்பக்கமாக இழுக்கட்டும். பறந்த கைக்குப் பிரேக் போடுவது தோளின் பின்பக்கச் சிறு தசைகள். ஓட்டமும் உட்கார்ந்து எழும் பயிற்சியும் வேண்டும், ரப்பரை இழுப்பது கால்தானே. 19 முதல் 22 வயது வரை உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் வகுத்த வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு 120 வீச்சுக்கு மேல் கூடாது என்கிறது. அதை எட்ட வேண்டும் என்று பொருள் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மகன் சிறுவயதில் மாந்தோப்பில் கல்லெறிந்தவரா? சித்தூர் மாவட்டத்துப் பையன் என்பதால் கேட்கிறேன். பிறக்கும்போது நம் மேல்கை எலும்பு, பிழிந்த துணிபோலப் பின்னோக்கி முறுக்கிக்கொண்டிருக்கும். வளர வளர முறுக்கு அவிழும். சின்ன வயதிலிருந்தே எறிந்துகொண்டிருந்தால் எறியும் கையில் மட்டும் முழுதாக அவிழாது. அந்தக் கை மற்றதைவிடப் பத்து, இருபது பாகை கூடுதலாகப் பின்னே சாயும், அதே அளவு முன்னே குறையும். மல்லாந்து படுத்து, கைகளைத் தோள் மட்டத்தில் விரித்து, முழங்கைகளை மடித்துப் பின்னே சாயவிட்டால் வித்தியாசம் தெரியும். வளர்ச்சி நின்றபின் எந்த உடற்பயிற்சியாலும் இந்த எலும்பு முறுக்கைப் பெற முடியாது. 2008இல் அமெரிக்க அணியொன்றில் ஒப்பந்தமான இந்திய இளைஞர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் அதற்குமுன் பேஸ்பாலே ஆடாதவர்கள். ஆனால் ஈட்டி எறிந்தவர்கள்.

கிளவுஸ் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. வலக்கையால் எறிபவர் இடக்கைக்குத்தான் வாங்க வேண்டும். அக்காள் மகனுக்கு நான் வாங்கிப்போன வலக்கைக் கிளவுஸ், அவர்கள் வீட்டில் இன்னும் பாத்திரம் இறக்கப் பயன்படுகிறது.